தண்ணிக்கு மேலே ஓடுறவை

திருநெல்வேலியில் நாங்கள் நாலு பேர் வாடகைக்கு இருக்கும் வீட்டின் பின்வளவில், கிணற்றடிக்குப் பக்கத்தில் ஒரு பழைய சீமெந்துத் தொட்டி இருக்கிறது. அதில் அல்லி வளர்கிறது. ஆனால் நாங்கள் தேத்தண்ணிக் கோப்பையோடு போய் நிற்பது அல்லியைப் பார்க்க அல்ல, தண்ணிக்கு மேலே சறுக்கி ஓடும் அந்த நீளக்கால் பூச்சிகளைப் பார்க்கத்தான்.

போன மாரியில் எங்களில் ஒருத்திக்கு டெங்கு. ஆறு நாள் வார்ட்டில் இருந்தாள். பிளேட்லெட் எத்தனை என்று போனில் கேட்டுக் கேட்டே மற்ற மூன்று பேரும் அசைன்மென்ட் எழுதினோம். 2017 இல் இலங்கையில் 1,86,000க்கும் மேற்பட்டவர்களுக்கு டெங்கு என்று படித்திருந்தோம்தான். அது அப்போது வெறும் இலக்கம்.

அவள் திரும்பி வந்த அன்று வீட்டுக்கார அன்ரி மண்ணெண்ணெய்ப் போத்தலோடு வந்தா. "பிள்ளையள், இந்தத் தொட்டியாலைதான். ஊத்தி விடுங்கோ." கூரைப் பீலியையும் வேலியோரச் சிரட்டைகளையும் ஒருத்தரும் பார்க்கவில்லை. ஆனாலும் பயம் எங்களுக்கும்தான். ஒரு கிழமை தவணை கேட்டோம்.

அந்தக் கிழமை முழுக்கத் தொட்டியடியிலேயே இருந்தோம். ஓர் எறும்பு தவறி விழுந்தால் போதும். அது துடிக்கும் அதிர்வு தண்ணியில் பரவ, ஓடி வந்து முன்கால்களால் பிடித்து, ஊசி வாயைக் குத்தி உறிஞ்சும். மூச்செடுக்க மேலே வரும் நுளம்புக் குடம்பியும் சிலநேரம் அப்படித்தான் அகப்படும். எல்லாம் அகப்படுவதில்லை, பொய் சொல்லக்கூடாது. கீழே போய்விட்டால் இவற்றுக்கு எட்டாது.

பிறகு ஒருநாள் உடுப்புத் தோய்த்த சவர்க்காரத் தண்ணி வாளியோடு தொட்டிக்குள் சரிந்தது. யார் கவிழ்த்தது என்று எழுதமாட்டோம், நாங்கள்தான். தண்ணியே ஒட்டாத நுண்மயிர்க் கால்கள் கண்முன்னே நனைந்து தாழ்ந்தன. பின்னேரம் ஒன்றுகூட மிச்சமில்லை. மண்ணெண்ணெய் ஊற்றியிருந்தாலும் இதுதான் நடந்திருக்கும் என்று அப்போதுதான் விளங்கியது.

தொட்டியை இறைத்தோம். டெங்கு நுளம்பு முட்டையை நீர்மட்டத்துக்குச் சற்று மேலே ஈரச் சுவரில்தான் ஒட்டும், காய்ந்தாலும் மாதக்கணக்கில் சாகாது. அதனால் சுவரைத் தும்பால் தேய்த்தோம், இப்போதும் சனிக்கிழமைகளில் தேய்க்கிறோம். கிணற்றுத் தண்ணி நிரப்பி, கீழே போகும் குடம்பிகளுக்காகக் கப்பி மீன் விட்டோம். சிரட்டைகளைப் பொறுக்கிப் பீலியையும் துப்புரவாக்கினோம்.

மூன்று கிழமைக்குப் பிறகு, விடிய முகம் கழுவப் போனபோது தண்ணிக்கு மேலே இரண்டு நின்றன. இவற்றில் சிலதுக்குச் செட்டை இருக்கிறது, பறந்து வந்திருக்கவேணும்.

மண்ணெண்ணெய்ப் போத்தல் இன்னும் அன்ரியின் குசினி யன்னலில்தான் இருக்கிறது. ஆனால் அன்று மதிலுக்கு மேலால் எட்டிப்பார்த்துக் கேட்டா:

"என்ன, வந்திட்டினமோ?"