பந்தயம் பார்த்த இரவு

மதுக்கூடத்தில் கால் வைத்ததேயில்லை என்று ஐம்பத்தாறு வயது வரையில் பெருமை பேசி வந்தவன் நான். அப்பெருமை 2022-ஆம் ஆண்டு டிசம்பர் 18-ஆம் நாள், ஞாயிறு இரவில், திருப்பதி நகரிலே முடிவுற்றது. காரணம் என் மகன்.

நாங்கள் 2000-ஆம் ஆண்டில் சித்தூரில் குடியேறினோம். மகன் அங்கே பிறந்தவன்; தெலுங்குப் பள்ளியில் பயின்றவன். வீட்டில் தமிழ்தான் பேச வேண்டும் என்பது என் கட்டளை. ஆனால் அவன் வாய் திறந்ததும், "ழகரம் எங்கே போயிற்று? ஒருமை பன்மை தெரியாதா?" என்று திருத்தத் தொடங்கிவிடுவேன். நாளடைவில் அவன் தாயிடம் தமிழிலும் என்னிடம் தெலுங்கிலும் பேசலானான். பின்னர் என்னிடம் பேசுவதையே குறைத்துக்கொண்டான்.

திருப்பதியில் மேற்படிப்புப் படித்துக்கொண்டிருந்த அவனைக் காண அன்று சென்றிருந்தேன். கத்தார் நாட்டு லுசைல் மைதானத்தில் ஆர்ஜென்டீனாவுக்கும் பிரான்சுக்கும் உலகக் கோப்பைக் கால்பந்து இறுதிப் பந்தயம். நண்பர்கள் ஒரு பாரில் கூடுவதாகவும், பெரிய திரை அங்கேதான் உண்டென்றும் சொல்லி, என்னையும் அழைத்தான். தயங்கித் தயங்கிச் சென்றேன். இருவரும் எலுமிச்சை சோடா வாங்கிக்கொண்டோம். என் பொருட்டுத்தான் அவன் சோடா வாங்கினானோ என்று நான் ஆராயவில்லை.

இரவு எட்டரைக்கு ஆட்டம் தொடங்கியது. மெஸ்ஸியும் டி மரியாவும் கோல் போட, ஆர்ஜென்டீனா 2-0 என்று முன்னின்றது. இனி எழுந்து போகலாம் என்று நான் எண்ணிய வேளையில், எம்பாப்பே 80-ஆம் நிமிடத்திலும் 81-ஆம் நிமிடத்திலும் கோல் போட்டுவிட்டார்! கூடுதல் நேரத்தில் மெஸ்ஸி ஒன்று, எம்பாப்பே ஒன்று. ஆட்டம் 3-3 என்று நின்றது.

அடுத்து என்ன நடக்கும் என்று எனக்கு விளங்கவில்லை. பக்கத்து மேசையிலிருந்த தெலுங்குப் பெரியவரிடம் எனக்குத் தெரிந்த தெலுங்கில் கேட்டேன். 'மீரு' என்று மரியாதையாகச் சொல்ல வேண்டிய இடத்தில், பதற்றத்தில் 'நுவ்வு' என்று ஒருமையில் சொல்லிவிட்டேன். என் மகன் தலை குனிந்தான். பெரியவரோ அத்தவற்றைக் காதில் வாங்காதவர்போல், தலா ஐந்து பெனால்டி உதைகள் உண்டென்று பொறுமையாக விளக்கி, என் தோளில் கை வைத்தார். இருபது ஆண்டுகளுக்கு மேலாக என் தெலுங்கை இந்நாட்டார் இப்படித்தானே பொறுத்து வந்திருக்கிறார்கள்! அந்தப் பொறுமையில் ஒரு பங்கையேனும் நான் என் மகனுக்குக் கொடுத்ததுண்டா?

கோல்காப்பாளர் மார்டினெஸ் கோமானின் உதையைத் தடுத்தார். இறுதியில் மொன்டியேல் அடித்த பந்து வலைக்குள் புகுந்தது. 4-2! முன்பின் அறியாதவர்கள் ஒருவரையொருவர் தழுவிக்கொண்டார்கள். என் மகனும் என்னைத் தழுவிக்கொண்டான். பல ஆண்டுகளுக்குப் பின் அது நிகழ்ந்தது.

மார்கழிக் குளிரில் நடந்து திரும்புகையில், மலைப்பாதை விளக்குகளைப் பார்த்தவாறே பழைய கதையொன்று சொன்னேன். 1962-இல் ஜகார்த்தாவில் நடந்த ஆசிய விளையாட்டில் இந்தியா தென் கொரியாவை 2-1 என்று வென்று தங்கப் பதக்கம் பெற்றது. பயிற்சியளித்தவர் ஹைதராபாத் ரஹீம். இறுதிப் பந்தயத்தில் கோல் காத்தவர் பீட்டர் தங்கராஜ்.

"அவர் எந்த ஊரில் பிறந்தான், அப்பா?" என்று மகன் தமிழில் கேட்டான்.

திருத்த எழுந்த நாவை அடக்கிக்கொண்டேன். சற்று முன் நான் செய்த பிழையும் அதுதானே!

"ஹைதராபாத்தில்" என்றேன்.

"தமிழ்ப் பெயர், தெலுங்கு ஊர். அப்படியானால் என்னைப் போலத்தான்" என்றான்.

அன்று முதல் ஞாயிறுதோறும் தொலைபேசியில் அழைத்துத் தமிழிலேயே பேசுகிறான். பிழைகள் இன்னும் இருக்கின்றன. நான் கேட்டுக்கொண்டிருக்கிறேன்.