அழாத குழந்தை

“எவ்வளவு அடக்கமான குழந்தை!”

2018-ஆம் ஆண்டு நவம்பர் மாதத்தில், கனடாவின் டொரொண்டோ நகரில், ஞாயிறு திருப்பலி முடிந்து வந்தவர்கள் எங்கள் மகளைக் கண்டு சொன்ன வார்த்தை இது. நாங்களும் உச்சி குளிர்ந்து நின்றோம். ஒடிசாவிலுள்ள குழந்தைகள் இல்லம் ஒன்றிலிருந்து அவள் எங்களிடம் வந்து மூன்றே வாரங்கள் ஆகியிருந்தன. வயது நான்கு. விமானத்தில் அவள் அழவில்லை. படியில் விழுந்து முழங்காலில் இரத்தம் கசிந்தபோதும் அழவில்லை.

திருமணமாகிப் பதினோர் ஆண்டுகள் மகப்பேறின்றி இருந்த நாங்கள், பிறந்த நாட்டிலிருந்தே ஒரு குழந்தையை ஏற்கத் துணிந்தோம். எங்கள் பெற்றோர் காலத்தில் இந்தியக் கிறிஸ்தவர்க்கெனத் தத்தெடுக்கும் சட்டம் இருக்கவில்லை. 1890-ஆம் ஆண்டுச் சட்டத்தின்கீழ்ப் பாதுகாவலராகவே இருக்க முடிந்தது. 2000-ஆம் ஆண்டின் சிறார் நீதிச் சட்டமும், 2006-இல் வந்த அதன் திருத்தமும் அந்நிலையை மாற்றின. நீதிமன்ற ஆணையில் எங்கள் பெயர்களைப் பெற்றோர் என்று கண்டபோது கண்கள் பனித்தன. ஆனால், அவ்வாணையைக் குழந்தையின் உள்ளம் படித்திருக்கவில்லை!

அவளுக்கென்று அழகிய தனியறை அமைத்திருந்தோம். பல குழந்தைகளோடு ஒரே கூடத்தில் உறங்கிப் பழகியவளுக்கு அதன் அமைதியே அச்சமாயிற்று. நள்ளிரவில் கதவோரத் தரையில் விழித்துக் கிடப்பாள். ஒருநாள் தலையணை உறைக்குள் காய்ந்த ரொட்டித் துண்டுகள் ஏழு கிடைத்தன. இன்று இருப்பது நாளை இராது என்பதை அச்சிறு வாழ்வு அவளுக்குக் கற்பித்திருந்தது போலும். அந்நியர் கை நீட்டினாலும் உடன் சென்றுவிடுவாள்.

தத்தெடுப்புக்குப் பின் இரண்டு ஆண்டுகள் அறிக்கை அனுப்ப வேண்டும். முதலாண்டில் மூன்று மாதங்களுக்கு ஒருமுறை. அதற்காக வந்த சமூகப் பணியாளரிடம், “இவள் அழுவதே இல்லை” என்று பெருமையோடு சொன்னோம். அந்த அம்மையார் சற்று மௌனமாக இருந்துவிட்டு, “அழுதால் யாரேனும் வருவார் என்று நம்பும் குழந்தைதான் அழும்” என்றார். அன்றிரவு எங்களுக்கு உறக்கம் வரவில்லை.

மறுநாளே அவள் படுக்கையை எங்கள் அறைக்கு மாற்றினோம். தலைமாட்டில் ஒரு கிண்ணத்தில் பழமும் ரொட்டியும் வைத்தோம். இனி ஒளிக்க வேண்டியதில்லை அல்லவா? சில மாதங்கள் எங்கள் கையாலேயே ஊட்டினோம். உறவினர் தூக்கிக் கொஞ்சுவதையும் தள்ளிவைத்தோம். சிலர் மனம் வருந்தினர். ‘பாணி’ என்றால் தண்ணீர் என்பது போன்ற ஒடியாச் சொற்களைக் கற்றோம். ஒரு காலையில் நாங்கள் உண்ட பழைய சோற்றை முகர்ந்து பார்த்தவள், கிண்ணம் முழுவதையும் உண்டுவிட்டாள். ஒடிசாவிலும் நீரிட்ட சோறு அன்றாட உணவு என்று பிறகே அறிந்தோம்.

பனி உருகிய ஏப்ரல் மாதத்தில் ஒருநாள், எங்களில் ஒருவர் வேலைக்குப் புறப்பட்டபோது, அவள் காலைக் கட்டிக்கொண்டு வீடே அதிர அழுதாள். இருவரும் வாசலிலேயே அமர்ந்து அவளோடு சேர்ந்து அழுதோம். அன்றுதான் எங்கள் வீட்டில் பிள்ளை பிறந்தது.

அதன்பின் வந்த அழுகை எங்களைச் சோதித்தது. இல்லத்தில் தன்னை வளர்த்த பெண்மணியை ‘மாவுசி’, அதாவது ‘சித்தி’, என்று அழைத்து இரவில் தேம்பினாள். எங்கள் அன்பு போதவில்லையோ என்று உள்ளம் சுருங்கியது. பின்னர் வெட்கினோம். எங்களுக்கு முன்பே அவளை நேசித்த ஒருவரை அவள் மறக்க வேண்டும் என எதிர்பார்ப்பது அன்பாகுமா? அப்பெண்மணியின் படத்தை எங்கள் குடும்பப் படங்களின் நடுவே மாட்டினோம். அதன்பின் அவளும் அமைதியாக உறங்கலானாள்.

“கொடுத்து வைத்த குழந்தை” என்று இன்றும் சிலர் கூறுவர். தாயை, மொழியை, மண்ணை நான்கு வயதுக்குள் இழந்தவளிடம் நன்றியை எதிர்பார்க்க நாங்கள் யார்? திருக்குழந்தையை அந்நிய நாட்டுக்குச் சுமந்து சென்ற சூசையப்பரும் கைம்மாறு கேட்கவில்லையே!

உங்கள் பங்கிலும் இத்தகைய குழந்தை ஒன்று வரக்கூடும். அது அடக்கமாக இருக்கிறதென்று உடனே மகிழாதீர்கள். அது அழும் நாளுக்காகப் பொறுமையோடு காத்திருங்கள்.