தாச்சிகாமில் ஒரு கோடை

மணமான நாள் தொட்டு முப்பத்திரண்டு ஆண்டுகள் எங்களுள் ஒருவர் சபராளி. மற்றவர் காயல்பட்டினத்து வீட்டுக்குக் காவல். ஈராண்டுக்கு ஒருமுறை கிட்டிய இரண்டு மாத விடுப்பையும் உறவினர் வீட்டுத் திருமணங்களும் விருந்துகளும் மருத்துவமுமே பங்கிட்டுக்கொள்ளும். சபர் முடிந்து ஊரோடு தங்கிய பின்னரே, சென்ற கோடையில், இருவருமாகக் காஷ்மீரம் புறப்பட்டோம்.

ஸ்ரீநகரிலிருந்து ஏறத்தாழ 22 கிலோமீட்டர் தொலைவில் உள்ளது தாச்சிகாம் வனம். 'பத்து ஊர்கள்' என்பது அப்பெயரின் பொருள். நகரின் குடிநீரைக் காக்கும் பொருட்டு 1910-இல் இவ்வனத்துக்குக் காவல் விதித்தபோது, உள்ளிருந்த ஊர்கள் அகற்றப்பட்டன. இன்று ஊர்கள் பெயரில் மட்டுமே உள்ளன. 1981-இல் தேசியப் பூங்காவாக்கப்பட்ட இதன் பரப்பு 141 சதுர கிலோமீட்டர். 'ஹங்குல்' எனும் அரிய கலைமானுக்கு இதுவே முதன்மையான புகலிடம். ஒரு காலத்தில் ஆயிரக்கணக்கில் திரிந்த அவ்வினம், 2023-ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பில் 289 மட்டுமே.

அதைக் காணவே நாங்கள் சென்றோம். கோடையில் ஹங்குல்கள் உயர்ந்த புல்வெளிகளை நாடி ஏறிவிடும். நாங்களும் ஏறினோம். இரண்டாம் மணி நேரத்தில் எங்களுள் ஒருவருக்கு மூச்சு வாங்கியது, பாறையொன்றில் அமர்ந்துவிட்டார். மற்றவரின் கண்ணோ சிகரத்தின் மேலேயே இருந்தது. "இவ்வளவு தொலைவு வந்து..." என்றொரு சொல் வாய் தவறி வந்தது. இறங்கும் வழி நெடுகிலும் நாங்கள் பேசிக்கொள்ளவில்லை.

வழிகாட்டியாக வந்த பெரியவர் திடீரெனக் கையுயர்த்தினார். முசுக்கட்டை மரமொன்றின் மேல் கருங்கரடி அமர்ந்து, கிளையை வளைத்துப் பழம் தின்றுகொண்டிருந்தது. அது இறங்கிப் புதருக்குள் மறையும்வரை நாங்கள் அசையவில்லை. யார் கையை யார் பற்றினோம் என்பது இன்றும் தீராத வழக்கு.

ஆற்றோரம் வந்ததும் பெரியவர் தாழ்ந்த கிளையொன்றைச் சுட்டினார். கிண்ணம் போன்ற சிறு கூடு. அதில் கருங்கொண்டையுடன் ஒரு வெண்பறவை. அதன் நீண்ட வால் இரு நாடாக்களாக வெளியே தொங்கியது. அரசவால் ஈப்பிடிப்பான்! பனிக்காலத்தில் எங்கள் தோட்டத்துக்கு விருந்தாக வரும் அதே இனம். இத்தனை ஆண்டுகளும் எங்களுள் ஒருவர் மட்டுமே கண்டு, கடிதங்களில் எழுதிய பறவை.

"வாலைப் பாருங்கள், அடைகாப்பது ஆண்" என்றார் பெரியவர். சற்று நேரத்தில் பெட்டை வந்தது. ஆண் எழுந்து இடம் விட்டது. கூடு கட்டுவதிலும் அடைகாப்பதிலும் இரை ஊட்டுவதிலும் இரண்டுக்கும் பங்குண்டாம்.

எங்கள் மக்கள் மூவர் பிறந்தபோதும் தொட்டிலருகே எங்களுள் ஒருவரே இருந்தோம். மற்றவருக்குத் தொலைபேசி வழியாகவே சேதி எட்டியது. அவ்விடத்தில் அதை இருவரும் ஒருங்கே நினைத்தோம் போலும். "இதுவும் சபராளிதான், ஆனாலும் குஞ்சு பொரிக்கும் வேளையில் கூட்டில் இருக்கிறது" என்றார் ஒருவர். மற்றவர் மறுமொழி கூறவில்லை. மூச்சு வாங்கியவரின் பையைத் தம் தோளில் வாங்கிக்கொண்டார்.

ஹங்குலை நாங்கள் காணவில்லை. கார்த்திகையில் எங்கள் தோட்டத்து மாமரத்தில் வால் நீண்ட பறவையொன்று வந்தமர்ந்தது. தாச்சிகாமில் கண்டது அதுவே எனச் சொல்ல இயலாது. ஆனால் அதைக் காண இம்முறை திண்ணையில் நாங்கள் இருவர் இருந்தோம்.