எண்ணெய் தடவிய குண்டு

துப்பாக்கி என்றால் பத்தடி பின்வாங்கும் பேர்வழி நாம். தீபாவளிப் பொட்டுத் துப்பாக்கியைக்கூட ஒரு காதைப் பொத்திக்கொண்டுதான் வெடித்திருக்கிறோம். அப்பேர்ப்பட்ட நாம் ஈயக் குண்டுக்கு எண்ணெய் தடவும் சாஸ்திரத்தைப் பற்றி எழுதப் புகுந்தால் நேயர்கள் நகைக்கக் கூடும். ஆனால் அந்த வித்தையை நாம் எட்டு வயதிலே, திண்டிவனத்திலே, குருமுகமாகவே கற்றோம் என்பதைப் பணிவுடன் தெரிவித்துக் கொள்கிறோம்.

1960-களின் நடுவில் நடந்த சங்கதி அது. தகப்பனாருக்கு விழுப்புரத்தில் உத்தியோகம். நாமோ திண்டிவனத்தில் பாட்டி வீட்டில் தங்கிப் படித்து வந்தோம். ஊருக்கு வெளியே ஒரு புளியந்தோப்பில் நரிக்குறவர்கள் கூடாரம் அடித்திருந்தார்கள். பள்ளிக்கூடம் விட்டதும் நம் கால்கள் தாமாகவே அங்கே சென்றுவிடும். ஒரு கிழவர் மாலை வேளைகளில் குண்டு வார்ப்பார். மூன்று கல் அடுப்பு. அதன்மேல் ஓர் இரும்புக் கரண்டி. அதில் பழைய ஈயத் துண்டுகள். ஈயம் உருகுவதற்கு 327 டிகிரி சென்டிகிரேட் உஷ்ணம் போதும்; விறகுத் தீயே தாராளம். வெள்ளிக் குழம்பு போல் உருகியதைக் குறடு போன்ற அச்சில் ஊற்றி, ஆறியதும் தட்டுவார். பளபளவென்று ஓர் உருண்டை விழும். அதை எண்ணெயில் நனைத்த துணியில் புரட்டி எடுத்து வைப்பார்.

"குண்டுக்கு எதற்குத் தாத்தா எண்ணெய்க் குளியல்?" என்று ஒரு நாள் கேட்டோம்.

"எண்ணெய் இல்லாட்டிக் குழாய் கடிச்சுக்கும், சாமி!" என்றார்.

அது எவ்வளவு பூரணமான விளக்கம் என்பது பிற்காலத்தில் புத்தகங்களைப் புரட்டியபோதுதான் விளங்கிற்று. ஈயம் நகம் பட்டாலே கீறல் விழும் மெத்தென்ற உலோகம். இரும்புக் குழாயில் உராய்ந்து ஓடும்போது அதன் சுவரில் பூச்சாக ஒட்டிக்கொள்ளும். மருந்து எரிந்த கரியும் உலர்ந்து கட்டிதட்டிவிடும். எண்ணெய் உராய்வைக் குறைக்கிறது. கரியையும் இளக்கமாகவே வைத்திருக்கிறது.

திண்டிவனத்துக்கு அண்மையிலுள்ள வந்தவாசியில் 1760 ஜனவரி 22-ல் பிரெஞ்சுத் தளபதி லாலியும் ஆங்கிலத் தளபதி அயர் கூட்டும் மோதிய காலத்தில் இக்கவலை பெரிதாக இருக்கவில்லை. அந்நாளைய மஸ்கட்டின் குழாய் வழவழப்பானது. குண்டு குழாயைவிடச் சிறியது. சுலபமாக உள்ளே இறங்கும். குறி தப்புவதும் அதனாலேயே. பிறகு உட்புறம் மரையிட்ட ரைபிள் வந்தது. குண்டு மரையைக் கவ்விச் சுழல வேண்டுமானால் குழாயை ஒட்டியிருக்க வேண்டும், ஒட்டினால் உராயும், உராய்ந்தால் கொழுப்பு வேண்டும். கும்பினியார் கொண்டுவந்த என்பீல்டு ரைபிளின் தோட்டாவில் பசுவின் கொழுப்பும் பன்றியின் கொழுப்பும் தடவியிருப்பதாக 1857-ல் செய்தி பரவிற்று. அதைச் சிப்பாய் பல்லால் கடித்தல்லவா திறக்க வேண்டும்! தேன்மெழுகும் எண்ணெயும் போதுமே என்று டம்டம்மில் சிப்பாய்கள் சொல்லிப் பார்த்தார்கள். இஷ்டப்பட்டதைத் தடவிக்கொள்ளலாம் என்று அதிகாரிகள் இறங்கி வந்த பிறகும், போன நம்பிக்கை திரும்பவில்லை. மீரத்தில் தோட்டாவைத் தொட மறுத்த 85 பேருக்கு மே 9-ந் தேதி விலங்கு பூட்டினார்கள். மறுநாள் புரட்சி மூண்டது. கொழுப்பு ஒன்றே காரணமன்று. ஆயினும், கிழவரின் எண்ணெய்த் துணிக்கும் அந்தப் பெரும் புரட்சிக்கும் உறவு உண்டு என்று அறிந்தபோது நமக்குப் பெருமையாகவே இருந்தது.

ஆனால் இன்று அந்த அடுப்பை நினைக்கும்போது பெருமை வரவில்லை. கிழவருடைய பேரன் ஒருவன், நம் வயதுப் பையன், எப்பொழுதும் அடுப்பண்டையே இருப்பான். ஈயத்தின்மேல் படியும் சாம்பல் போன்ற ஏட்டை வழித்து எறிவது அவன் வேலை. அந்தக் கையோடே கஞ்சியும் குடிப்பான். ஒரு நாள் அவன் நமக்கு ஒரு குண்டைப் பரிசாகக் கொடுத்தான். பாட்டி கண்ணில் படாமலிருக்க அதைக் கன்னத்தில் அடக்கிக்கொண்டு வீட்டுக்குள் நுழைந்தோம். வாய் திறவாத பேரனைப் பாட்டி நம்புவாளா? அதே கன்னத்தில் ஓர் அறை விழுந்தது. குண்டு முற்றத்தில் உருண்டது.

அவ்வருஷமே அந்தப் பையனும் நம் வகுப்பில் சேர்ந்தான். நேற்றுச் சொன்ன எழுத்தை இன்று மறந்துவிடுவான். "மந்தம்" என்றார் உபாத்தியாயர். வகுப்பு முழுதும் சிரித்தது, நாமும் சிரித்தோம். சில மாதங்களில் அவன் வருவது நின்றுவிட்டது.

ஈயம் குழந்தைகளின் மூளையைக் கெடுக்கிறது, இவ்வளவு வரை தீங்கில்லை என்று சொல்லத்தக்க அளவே கிடையாது என்று உலக சுகாதார ஸ்தாபனம் கூறுவதைப் பின்னாளில் படித்தோம். அவனுடைய மறதிக்கு ஈயந்தான் காரணம் என்று அறுதியிட நாம் வைத்தியரல்ல. புது இடமும் புதுப் பாஷையும் காரணமாயிருக்கலாம்; நம் சிரிப்பேகூடக் காரணமாயிருக்கலாம்.

1972-ல் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் வந்தது; வேட்டைத் தொழில் ஒடுங்கிற்று. 2023-ல் நரிக்குறவர்கள் பழங்குடியினர் பட்டியலில் சேர்க்கப்பட்டார்கள். சமீபத்தில் விழுப்புரத்திலிருந்து ரயிலில் வரும்போது, மயிலம் தாண்டியதும் பாசிமணி விற்கும் ஓர் அம்மாள் நம் பெட்டியில் ஏறினாள். அருகே அவள் மகள், பாடப் புத்தகத்தை விரல் வைத்து, எழுத்துக் கூட்டி வாசித்துக்கொண்டு வந்தாள். திண்டிவனம் வரையில் நாம் அதையே கேட்டுக்கொண்டிருந்தோம்.

நம் வாயிலிருந்த குண்டைத் துப்பச் செய்ய நமக்கு ஒரு பாட்டி இருந்தாள். அந்தப் பையனுக்கு அதைச் சொல்ல அறிந்தவர் ஒருவரும் இல்லை. சிரிக்க மாத்திரம் நாற்பது பேர் இருந்தோம்.