சோடாபுட்டிக் கண்ணாடியும் கடன் வாங்கிக் கழித்தலும்

இது கொஞ்சம் நீளமான பதிவு. டீச்சர் ஆரம்பித்தால் பெல் அடிக்கும் வரை நிறுத்த மாட்டாள் என்பது உங்களுக்குத் தெரிந்ததுதானே.

இப்போதெல்லாம் எந்தக் கல்வி விளம்பரத்தைப் பார்த்தாலும் 'டிஸ்ரப்டிவ் இன்னோவேஷன்' என்று போடுகிறார்கள். அதைத் தமிழில் 'சீர்குலைக்கும் புத்தாக்கம்' என்று ஓரிடத்தில் படித்தேன். வகுப்பைச் சீர்குலைத்தவனை நாங்கள் பெஞ்சு மேல் நிற்க வைத்தோம். இன்று அவனுக்குக் கோடிக்கணக்கில் முதலீடு கிடைக்கிறது!

அந்தச் சொல்லைப் பிரபலமாக்கியவர் ஹார்வர்டு பேராசிரியர் கிளேட்டன் கிறிஸ்டென்சன். 1997ல் இதைப் பற்றி ஒரு புத்தகம் எழுதினார். பிறகு கல்விக்கு ஒன்று, மருத்துவத்துக்கு ஒன்று என்று தனித்தனியாகவும் எழுதினார். அவர் சொன்னது வேறு, விளம்பரக்காரர்கள் சொல்வது வேறு. அவருடைய உதாரணங்களில் ஒன்று டிரான்சிஸ்டர் ரேடியோ. ஆரம்பத்தில் அது கரகரவென்றுதான் பாடும். கூடத்தில் பெரிய வால்வு ரேடியோ வைத்திருந்தவர்கள் அதைச் சீண்டவில்லை. ரேடியோவே இல்லாத இளவட்டங்கள்தான் வாங்கினார்கள். அவர்களுக்கு அதை விட்டால் வேறு இல்லை. இப்படி ஒன்றுமே இல்லாதவரிடம் மலிவாக, எளிமையாகப் போய்ச் சேர்ந்து, பிறகு மெல்ல மெல்லத் தரத்திலும் உயர்ந்து பெரியவர்களின் இடத்தைப் பிடிப்பதுதான் அந்தச் சொல்லுக்கு அர்த்தம். ஏற்கெனவே டியூஷன் போகும் பிள்ளைக்கு இன்னொரு டியூஷனை விற்பது அதில் சேராது.

நம் கண்ணெதிரிலேயே நடந்த உதாரணம் மதுரையில் இருக்கிறது. அரசுப் பணியிலிருந்து 58 வயதில் ஓய்வு பெற்ற டாக்டர் கோ. வெங்கடசாமி, 1976ல் 11 படுக்கைகளோடு அரவிந்த் கண் மருத்துவமனையைத் தொடங்கினார். முடக்குவாதத்தால் விரல்கள் கோணிப்போனவர். அந்த விரல்களாலேயே கத்தி பிடிக்கப் பழகி, லட்சத்துக்கும் மேற்பட்ட அறுவை சிகிச்சைகள் செய்தார். மெக்டொனால்டு கடையில் பர்கரை ஒரே தரத்தில், ஒரே வேகத்தில் எப்படிக் கொடுக்கிறார்கள் என்று பார்த்து, கண்புரை ஆபரேஷனையும் அப்படிச் செய்ய முடியாதா என்று யோசித்த மனிதர். ஒரு மேஜையில் ஆபரேஷன் நடக்கும்போதே பக்கத்து மேஜையில் அடுத்த நோயாளி தயாராக இருப்பார். பிளஸ் டூ முடித்த கிராமத்துப் பெண்களுக்கு இரண்டு வருடம் பயிற்சி கொடுத்து, பரிசோதனை முதல் ஆபரேஷன் தியேட்டர் உதவி வரை அவர்களிடம் ஒப்படைத்தார்கள். டாக்டர், டாக்டர் மட்டுமே செய்யக்கூடியதைச் செய்தால் போதும்.

என் பாட்டிக்குப் புரை எடுத்த காலத்தில் உள்ளே லென்ஸ் வைக்கும் வழக்கம் கிடையாது. சோடாபுட்டிக் கண்ணாடிதான். அது உடைந்தாலோ தொலைந்தாலோ மறுபடி இருட்டு. லென்ஸ் வந்த பிறகும் வெளிநாட்டுச் சரக்கு ஒன்று 100 டாலர் அளவுக்கு விற்றது. 1992ல் அரவிந்த் ஆட்களே ஆரோலேப் என்ற தொழிற்சாலையைத் தொடங்கி, சுமார் 10 டாலருக்குச் செய்து காட்டினார்கள். அதன் பிறகு விலை இன்னும் இறங்கியது. என் அம்மா சோடாபுட்டி போடாமலே கடைசி வரை அரிசியில் கல் பொறுக்கினார்.

ஆனால் எனக்குப் பிடித்தது லென்ஸ் கதை கூட இல்லை. ஆபரேஷன் இலவசம் என்று சொல்லியும் ஜனங்கள் வரவில்லை. ஏன் என்று விசாரித்தார்கள். பஸ் காசு, சாப்பாடு, துணைக்கு வருபவரின் ஒரு நாள் கூலி. சரி என்று முகாமிலிருந்தே பஸ்ஸில் அழைத்துப் போய், சாப்பாடு போட்டு, திரும்பக் கொண்டுவந்து விட்டார்கள். எந்த இடத்தில் ஆள் தடுக்கி நிற்கிறார் என்று முதலில் பார்த்தார்கள்.

பள்ளிக்கூடத்தில் இதற்கு இணையாக நான் சொல்வது செயல்வழிக் கற்றல். ஆந்திராவின் ரிஷி வேலியில் உருவான முறையை ஒட்டி, 2003ல் சென்னை மாநகராட்சிப் பள்ளிகளில் எம்.பி. விஜயகுமார் ஐ.ஏ.எஸ். கொண்டுவந்தது. 2007-08ல் எங்கள் பள்ளி உட்பட மாநிலம் முழுக்க வந்தது. அட்டைகள், ஏணிப்படி, பாய், குழந்தைக்கு எட்டும் உயரத்தில் கரும்பலகை. "புத்தகத்தைக் காணோம், பிள்ளைங்க விளையாடிக்கிட்டே இருக்குதுங்களே டீச்சர்" என்று பெற்றோர் சண்டைக்கே வந்தார்கள். அட்டை கிழியும், எழுத வேண்டிய பதிவேடும் அதிகம். எங்களுக்கும் முணுமுணுப்பு இருந்தது. ஆனால் களையெடுப்புக்குப் போன அம்மாவுக்குப் பதிலாக ஒரு வாரம் தம்பியைப் பார்த்துக்கொண்ட பிள்ளை திரும்பி வந்தால், விட்ட அட்டையிலிருந்தே தொடரலாம். வகுப்பு அவளை விட்டுவிட்டு ஓடிப்போயிருக்காது. அந்த ஒரு காரணத்துக்காகவே அந்த முறையை இன்றும் மதிக்கிறேன்.

இப்போது ஏன் இதெல்லாம்? போன மாதம் உங்களில் ஒருவன் போன் செய்தான். மகள் ஆறாம் வகுப்பு. ஒரு கம்பெனி ஆள் வீட்டுக்கே வந்து பத்து நிமிடப் பரீட்சை வைத்து, "உங்க பொண்ணு ரொம்பப் பின்தங்கியிருக்கா" என்று பயமுறுத்தி, டேப்லெட்டும் பாடமும் சேர்த்துத் தவணையில் வாங்கச் சொன்னாராம். இரண்டு வருடத் தவணை. "கையெழுத்துப் போடட்டுமா டீச்சர்?" என்றான். பொறுடா, பிள்ளையைக் கூட்டி வா என்றேன்.

403லிருந்து 167ஐக் கழிக்கச் சொன்னேன். 364 என்று எழுதினாள். நடுவில் பூஜ்யம் இருந்தால் யாரிடம் கடன் வாங்குவது என்று தெரியவில்லை. பூஜ்யத்தைத் தாண்டி ஆறிலிருந்து பூஜ்யத்தைக் கழித்துவிட்டாள், ஒன்றின் இடத்திலும் அப்படியே பெரியதிலிருந்து சின்னதை எடுத்துவிட்டாள். அவ்வளவுதான் கோளாறு. மூன்றாம் வகுப்பில் யாரும் கவனிக்காமல் விட்டது. மகளுக்குக் கடன் வாங்கிக் கழிக்கத் தெரியாததற்கு அப்பா கடன் வாங்குவானேன்? இப்போது சாயங்காலம் என் வீட்டுத் திண்ணைக்கு வருகிறாள். தீக்குச்சிக் கட்டுகளைப் பிரித்துப் பிரித்து எண்ணுகிறாள். கூடவே எதிர்வீட்டுப் பையனும் வருகிறான்.

நான் போனுக்கு எதிரியில்லை. 2018 முதல் நம் அரசுப் பாடநூல்களில் கியூஆர் கோடு இருக்கிறது. அடித்துப் பார்த்தால் வீடியோ பாடம் வரும், காசு கிடையாது. முதலில் அதைப் பாருங்கள். பிள்ளை எங்கே தடுக்குகிறது என்று கண்டுபிடியுங்கள். தெரியாவிட்டால் என்னிடம் அனுப்புங்கள், அல்லது உங்கள் ஊரிலேயே ஓய்வு பெற்று உட்கார்ந்திருக்கும் ஒரு டீச்சரைப் பிடியுங்கள். அதற்குப் பிறகும் பணம் கட்டத்தான் வேண்டும் என்று தோன்றினால் கட்டுங்கள்.

இன்னொன்று. வீட்டில் 60 தாண்டியவர்கள் இருந்தால் ஒருமுறை கண்ணைக் காட்டிவிடுங்கள். "எனக்கு எல்லாம் நல்லாத்தான் தெரியுது" என்பார்கள். நம்பாதீர்கள். ஊசியில் நூல் கோக்கச் சொல்லிப் பாருங்கள்.