துப்பாக்கிக்கு ஸ்கோப் கேட்ட அப்பா

தாசேக் கெலுகோர் பக்கம் செம்பனையோ வாழையோ மரவள்ளியோ போட்டவர்களுக்குக் காட்டுப்பன்றியைப் பற்றி நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. வளர்ந்த செம்பனையை அது ஒன்றும் செய்யாது. புதிதாக நட்ட கன்றைத்தான் தேடி வரும். மண்ணைக் கிளறி, கன்றைச் சாய்த்து, நடுக்குருத்தைத் தின்றுவிட்டுப் போகும். குருத்து போனால் கன்றும் போயிற்று. மறுபடியும் கன்று, மறுபடியும் உரம், மறுபடியும் கூலி.

எங்களுக்கு இருப்பது 4 ஏக்கர். தோட்டத்தில் மண்டோராக இருந்து ஓய்வு பெற்ற அப்பா, பழைய மரங்களைச் சாய்த்துவிட்டு மறுநடவு செய்திருந்தார். அவரிடம் உரிமம் பெற்ற ஒற்றைக்குழல் துப்பாக்கி ஒன்று உண்டு. கம்பத்தில் ‘செனாப்பாங் பாத்தா’ என்பார்களே, நடுவில் மடித்துத் தோட்டா போடுவது, அதுதான். போன ஆண்டு ஒரு நாள் கைப்பேசியை என்னிடம் நீட்டினார்.

“ஏம்மா, இந்த ஸ்கோப்பு 150 வெள்ளிதான் போட்டிருக்கான். இருட்டுலயும் பளிச்சுன்னு தெரியுமாம். நம்ம துப்பாக்கிக்கு மாட்டலாமா?”

நான் பாயான் லெப்பாசில் ஒரு தொழிற்சாலையில், கேமரா வைத்துச் சில்லுகளைச் சோதிக்கும் பிரிவில் வேலை செய்கிறேன். லென்ஸ் எனக்குப் பழக்கம். துப்பாக்கி பழக்கமில்லை. அதனால் நியூசிலாந்தில் இருக்கும் மாமா மகனை அழைத்தேன். அங்கே உரிமத்தோடு ரைபிள் வைத்து மான் வேட்டைக்குப் போகிறவர் அவர்.

“ரைபிள் வேற, மாமா வச்சிருக்கிறது வேற” என்றுதான் அவர் தொடங்கினார். ரைபிள் குழலின் உள்ளே திருகு வரிகள் வெட்டியிருப்பார்கள். ஒரே குண்டு சுழன்றபடி நேராகப் போகும். 100, 200 மீட்டர் தள்ளி நிற்கும் மானைக் குறிபார்க்க அதற்கு ஸ்கோப் தேவைப்படுகிறது. நம் ஊரில் பொதுமக்களுக்கு உரிமம் கிடைப்பது பெரும்பாலும் வழவழப்பான குழல் கொண்ட துப்பாக்கிக்குத்தான். அதன் தோட்டாவில் பல ஈயக் குண்டுகள் இருக்கும். வெளியே வந்ததும் அவை பரவும். 30, 40 மீட்டருக்கு மேல் அதை நம்ப முடியாது. அந்தத் தூரத்துக்கு ஸ்கோப் எதற்கு? போதாததற்கு, 12 போர் துப்பாக்கியின் உதைப்பில் மலிவான ஸ்கோப்பின் குறிக்கோடு சீக்கிரமே இடம் மாறிவிடும்.

விளம்பரத்தில் இருந்த எண்களை நான் அப்பாவுக்கு விளக்கினேன். 3-9x40 என்று போட்டிருந்தால், 3 முதல் 9 மடங்கு வரை பெரிதாக்கும், முன்கண்ணாடியின் விட்டம் 40 மில்லிமீட்டர் என்று பொருள். விட்டத்தை மடங்கால் வகுத்தால், கண்ணுக்கு வந்து சேரும் ஒளிக்கற்றையின் அகலம் கிடைக்கும். 9 மடங்கில் அது ஏறக்குறைய 4.4 மில்லிமீட்டர். இருட்டில் இளம் வயதினரின் கண்மணி 7 மில்லிமீட்டர் வரை விரியும். வயதானவருக்கு 5 விரிந்தாலே பெரிது. மடங்கு கூடக் கூட வெளிச்சமும் பார்வைப் பரப்பும் குறையும், கை நடுக்கமும் பெரிதாகத் தெரியும். பெரிய எண்ணைக் காட்டி விற்பவர் இதையெல்லாம் சொல்வதில்லை. உண்மையிலேயே ரைபிளுக்கு வாங்குகிறவர்களுக்கு மாமா மகன் சொல்வதும் இதுதான்: குறைந்த மடங்கு, தெளிவான கண்ணாடி, அதைத் துப்பாக்கியோடு பிடிக்கும் கெட்டியான வளையம். காசை இந்த மூன்றில் போடலாம்.

ஒலிபெருக்கியைப் போட்டு அப்பாவிடம் பேச வைத்தேன். அப்போது அவர் சொன்னது எங்கள் இருவருக்குமே உறைத்தது.

“மாமா, ஸ்கோப்புல பார்க்கணும்னா துப்பாக்கி வாயை அந்தப் பக்கம் திருப்பணும். அங்க நிக்கிறது ஆளா இருந்தா?”

நியூசிலாந்தில் துப்பாக்கி உரிமம் கேட்பவர்கள் படிக்க வேண்டிய பாதுகாப்பு விதிகள் 7. அவற்றில் 4ஆவது, சுடப்போவது எது என்பதைத் துளியும் ஐயமில்லாமல் உறுதி செய்யச் சொல்கிறது. ஸ்கோப் குறி பார்க்க மட்டும், தேடிப் பார்க்க பைனாகுலர் என்பது அங்குள்ள வேட்டைக்காரர்களின் வழக்கம். நம் நாட்டிலும் காட்டுப்பன்றி என்று நினைத்து உடன் வந்தவரையே சுட்டுவிட்ட செய்திகளைப் பத்திரிகையில் படித்திருக்கிறோம்.

அப்பா சிறிது நேரம் பேசவில்லை. பிறகு, “முன்ன மாதிரி சாயங்காலத்துல தெரியலம்மா. அதான் கேட்டேன்” என்றார். கண்ணைக் காட்டச் சொன்னால் மறுத்தார். கண் சரியில்லை என்று எழுதிவிட்டால் உரிமம் போய்விடும் என்ற பயம். 1960ஆம் ஆண்டு ஆயுதச் சட்டப்படி காவல்துறையில் உரிமம் வாங்கி, 2010ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி பன்றிக்குப் பெர்ஹிலித்தானில் தனி உரிமம் வாங்கி, எல்லாவற்றையும் ஒழுங்காக வைத்திருப்பவர் அவர். அந்தத் துப்பாக்கி அவருக்கு ஒரு மரியாதை. “ஆளை அடிச்சுட்டா அந்த மரியாதை என்னாகும்ப்பா?” என்று கேட்டேன். மறுவாரம் அரசு மருத்துவமனைக்கு வந்தார். இரண்டு கண்ணிலும் புரை. அறுவை சிகிச்சை முடிந்து மருத்துவர் சொல்லும்வரை துப்பாக்கியைத் தொடுவதில்லை என்று அவரே முடிவு செய்தார்.

இரண்டு கண்ணும் தேறிய பிறகு பட்டர்வொர்த்துக்குப் போய் 8x42 பைனாகுலர் ஒன்று வாங்கினோம். 420 வெள்ளி. 42ஐ 8ஆல் வகுத்தால் 5.25. அப்பாவின் வயதுக்கு அது போதும். வாங்கப் போகிறவர்களுக்குச் சில குறிப்புகள்: பைனாகுலரைக் கை நீட்டித் தள்ளிப் பிடித்து, வெளிச்சத்தை நோக்கி வைத்து, கண் வைக்கும் பக்கத்தைப் பாருங்கள். இரண்டு ஒளிவட்டங்களும் முழு வட்டமாகத் தெரிய வேண்டும். ஓரம் வெட்டி, சதுரம் போலத் தெரிந்தால் உள்ளே இருக்கும் பட்டகம் மட்டமானது. நல்லதில் பாக்-4 என்று எழுதியிருக்கும். மூக்குக்கண்ணாடி போடுபவர்கள் அதைக் கழற்றாமலே முழுக் காட்சியும் தெரிகிறதா என்று பாருங்கள். கடை விளக்கில் எல்லாமே நன்றாகத்தான் தெரியும். வாசலுக்கு வந்து, எதிர்க்கடை நிழலில் இருக்கும் எழுத்தைப் படித்துப் பாருங்கள்.

இரண்டு மாதம் கழித்து, பொழுது சாயும் நேரத்தில், எல்லை வாய்க்கால் ஓரம் கறுப்பாக ஏதோ குனிந்து அசைந்ததாம். அப்பா பைனாகுலரை எடுத்துப் பார்த்திருக்கிறார். பக்கத்துத் தோட்டத்துத் தொழிலாளி, கோணிப்பையில் உதிரிப் பழம் பொறுக்கிக்கொண்டிருந்தார். துப்பாக்கி கொட்டகைச் சுவரில் சாய்ந்தபடியே இருந்தது. வீட்டுக்கு வந்து அம்மாவிடம் இதைச் சொன்னபோது அவர் குரல் சற்றுத் தாழ்ந்திருந்தது.

உங்கள் வீட்டுப் பெரியவர் ஸ்கோப் கேட்டால், எது மலிவு என்று தேடுவதற்கு முன் அவருக்குக் கண் எப்படித் தெரிகிறது என்று கேளுங்கள். அப்பா ஸ்கோப்புக்கு ஒதுக்கிய 150 வெள்ளி வீண் போகவில்லை. அதில் கம்பி வலை வாங்கி, ஓரத்து வரிசைக் கன்றுகளைச் சுற்றிக் கட்டினோம். அந்த வரிசையில் இதுவரை ஒரு குருத்தும் போகவில்லை.