அம்புக்குறிக்கு மேலே

மகளிர் தின மேடைகளில் பெண்ணை வினையூக்கி என்று புகழ்ந்து கேட்டிருக்கிறேன். எல்லாவற்றையும் நடத்திவைப்பாள், தான் மட்டும் மாறமாட்டாள் என்பார்கள். கைதட்டல் எழும். வேதியியல் படித்தவளான எனக்கு அந்த உவமையை அப்படியே விழுங்க முடிவதில்லை.

பாஸ்போமாலிப்டிக் அமிலத்தை எடுத்துக்கொள்வோம். நடுவில் ஒரு பாஸ்பரஸ், சுற்றிலும் 12 மாலிப்டினம், அவற்றைக் கோத்துப் பிடிக்கும் 40 ஆக்சிஜன். இந்தக் கூண்டு வடிவத்தை, இதே வகை டங்ஸ்டன் சேர்மம் ஒன்றில் 1933இல் கெகின் கண்டறிந்தார். மஞ்சளான இந்த அமிலம் வேறொரு பொருளிடமிருந்து எலக்ட்ரான்களை வாங்கினால் நீலமாகிவிடும். வாங்கியதை ஆக்சிஜனிடமோ ஹைட்ரஜன் பெராக்சைடிடமோ கொடுத்த பிறகுதான் பழைய நிலைக்குத் திரும்பி, அடுத்த சுற்றுக்குத் தயாராகும். ஆக, அது மாறாமல் இருப்பதில்லை. மாறுகிறது, பிறகு மீட்கப்படுகிறது.

கரைசலில் கரைந்துபோனால் அதைப் பிரித்தெடுப்பது பெரும்பாடு. அதனால் பரோடா பல்கலைக்கழகத்தின் அஞ்சலி படேல் போன்ற ஆய்வாளர்கள், இத்தகைய சேர்மங்களை சிர்கோனியா முதலான திடப்பொருள்களின் மேல் பதிக்கிறார்கள். வினை முடிந்ததும் வடிகட்டி, கழுவி, உலர்த்தி மறுபடி பயன்படுத்தலாம். எத்தனை சுற்று ஓடியது, திறன் எவ்வளவு குறைந்தது, உலோகம் கசிந்ததா என்று ஆய்வுக் கட்டுரையில் கணக்குக் காட்ட வேண்டும்.

சுண்ணாம்புக்குளத்தில் என் அம்மாவுக்கு அப்படியொரு கணக்கு கிடையாது. பழவேற்காடு ஏரியின் சேற்றில் உட்கார்ந்தபடியே நகர்ந்து, விரல்களால் துழாவி இறால் தடவுகிறவள் அவள். இன்று சிப்பி ஓடு கிழித்த விரல், நாளை அதே உப்புத் தண்ணீரில் இறங்கும். ஏரியோர மீனவ ஊர்களில் யார், எந்த நாளில், எந்த இடத்தில் வலை போடுவது என்பதைப் பாடு முறை தீர்மானிக்கிறது. அந்தப் பாடு ஆண்களின் பெயரில். மீனைத் தரம் பிரிப்பதும், காயவைப்பதும், கூடையில் சுமந்துபோய் விற்பதும் பெண்கள். சமன்பாட்டில் வினையூக்கியின் பெயரை அம்புக்குறிக்கு மேலே சிறிதாகவாவது எழுதுவோம். இங்கே அதுவும் இல்லை.

பெண்ணை வினையூக்கி என்பவர்கள் உவமையை முழுதாக எடுத்துக்கொள்ளட்டும். நீலமானதும் அவளுக்கு ஆக்சிஜன் வேண்டும்: காயம் ஆறும்வரை ஓய்வு, ஏரியில் அவள் பெயரில் ஓர் உரிமை, கைக்கு வரும் காசு. ஒவ்வொரு சுற்றிலும் அவள் இழந்தது எவ்வளவு என்பதும் எழுதப்பட வேண்டும்.